ஆஸ்டின்-ஹீலி 3000: அசல் பின் விங்குகளைப் பொருத்த ஒரு முழுமையான வழிகாட்டி

ஆஸ்டின்-ஹீலி 3000 என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரில் பின் விங் (பின் சக்கரத்தை மூடும் பக்கத் தகடு) வேலை கதவிலிருந்து தொடங்க வேண்டும். பல பட்டறைகளில் இது தலைகீழாக நடக்கிறது. விங் வந்து இறங்கியதும் போல்ட் போட்டு இறுக்கிவிடுகிறார்கள். கதவு இடிக்கிறது, கதவை முன்னால் தள்ளுகிறார்கள். கதவு நகர்ந்ததும் முன் விங்கோடு இருந்த இடைவெளி கெடுகிறது, முன் விங்கைத் தள்ளுகிறார்கள். கடைசியில் பானட் மூடவில்லை. குறை பின்னால் இருக்க, பானட்டை அடித்து வளைத்துக்கொண்டிருப்பார்கள்.

இந்த வகைக் காரின் உடற்பகுதி எப்படிச் செய்யப்பட்டது என்று தெரிந்தால் இது ஏன் என்று புரியும். 1959 முதல் 1967 வரை தயாரான 3000-இன் பாடிகளை பர்மிங்காம் அருகே வெஸ்ட் பிராம்விச்சில் இருந்த ஜென்சன் நிறுவனம் கட்டி, பெயிண்ட் அடித்து, ஆபிங்டனில் இருந்த எம்.ஜி. ஆலைக்கு அனுப்பியது. இன்ஜினும் சஸ்பென்ஷனும் அங்கேதான் ஏறின. ஜென்சனில் பேனல்களை ஒவ்வொரு பாடிக்கும் தனித்தனியாக அரத்தாலும் சுத்தியலாலும் ஈயத்தாலும் இழைத்துப் பொருத்தினார்கள். ஒரு காரிலிருந்து கழற்றிய விங் இன்னொரு காரில் அப்படியே உட்காராது. அசல் விங் என்றால் துளைகள் தாமாக நேர்கோட்டில் வந்து நிற்கும் என்று எதிர்பார்க்கவும் கூடாது. அதை வாங்குவதற்குக் காரணம் வடிவம்தான். மேல் வளைவின் நிறைவு, சக்கர வளைவு விளிம்பின் உருட்டு, பக்கவாட்டு மடிப்புக் கோட்டின் கூர்மை ஆகியவற்றை மறுதயாரிப்புத் தகடுகளில் பலவும் சரியாகக் கொண்டுவருவதில்லை. வளைவு தட்டையாகிப் போன விங்கைப் பட்டி பூசித்தான் நிமிர்த்த வேண்டியிருக்கும்.

நினைவில் வைக்க வேண்டிய இன்னொன்று, பின் பக்கம் இரண்டு உலோகங்களால் ஆனது. டிக்கியைச் சுற்றி வால் வரை இறங்கும் ஷ்ரவுட் அலுமினியக் கலவைத் தகடு. அதன் இரு பக்கமும் போல்ட்டால் இணையும் விங்குகள் இரும்பு. இரண்டுக்கும் நடுவே பீடிங் என்ற மெல்லிய பட்டை. இரும்பும் அலுமினியமும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாகக் கரையும். பழைய ஹீலிகளில் முதலில் போவது இந்தச் சேர்க்கைதான்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

ஆஸ்டின்-ஹீலியின் முந்தைய மாடல்களான 100, 100-6, பிறகு வந்த 3000 மூன்றும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். ஆனால் 100-இன் சக்கர மையத் தூரம் 90 அங்குலம், மற்ற இரண்டுக்கும் 92 அங்குலம். எந்த மாடலிலிருந்து வந்த விங் என்று விற்பவர் சொல்வதை மட்டும் நம்பாமல், உங்கள் பழைய விங்கின் மேல் காகித டெம்ப்ளேட் எடுத்து, புதியதன் மேல் வைத்துப் பாருங்கள். 3000-இன் கடைசி வடிவமான பிஜே8-இன் பிற்காலக் கார்களில் பின் இண்டிகேட்டர் விளக்குகள் தனியாக வந்ததால் துளை அமைப்பு மாறியது. தவறான துளைகளை அடைக்கலாம். ஆனால் விளக்கு உட்காரும் வளைந்த பரப்பில் வெல்டிங் செய்தால் தகடு இழுத்துக்கொள்ளும், அதை மீட்பது நுணுக்கமான வேலை.

பயன்படுத்தாத பழைய இருப்பு விங் கிடைத்தால் விலை உச்சத்தில் இருக்கும். அது கிடங்கில் எப்படி வைக்கப்பட்டிருந்தது என்று பாருங்கள். சக்கர வளைவின் இரு முனைகளையும் தரையில் ஊன்றி ஆண்டுக்கணக்கில் நிறுத்தியிருந்தால் வளைவு விரிந்திருக்கும். மேல் விளிம்பின் மேல் மெல்லிய நூலை இழுத்துப் பிடித்தால் முறுக்கு தெரியும். அதன் மேலிருக்கும் கறுப்புப் பூச்சு போக்குவரத்துக்கான பாதுகாப்பு மட்டுமே. அதை முழுதாகச் சுரண்டிவிட வேண்டும், அதன் மேல் பெயிண்ட் அடித்தால் சில ஆண்டுகளில் அடியிலிருந்து துரு கொப்பளிக்கும்.

பட்ஜெட் இடம் கொடுக்காவிட்டால், கீழ்ப்பகுதி மட்டும் துருவேறிய அசல் விங்கை வாங்கி, சக்கர வளைவுக்கு முன்னும் பின்னும் கீழே புதுத் தகடு வெட்டி ஒட்டுவது நல்ல வழி. மேல் வளைவு கெடாமல் இருந்தால் கீழே 15 செ.மீ. போயிருந்தாலும் கவலையில்லை. புது மறுதயாரிப்பு விங்கைவிட இது பெரும்பாலும் நன்றாக வந்து பொருந்தும். உங்கள் காரிலிருந்து கழற்றிய விங்கையே இப்படிக் காப்பாற்ற முடிந்தால் அதற்கு மேல் எதுவும் இல்லை. அது அந்தப் பாடிக்கென்றே இழைக்கப்பட்டது.

கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டியவை

இரண்டு விங்குக்கும் சேர்த்து:

- 1/4 அங்குல யூ.என்.எஃப் (அங்குல அளவிலான நுண்) மரை போல்ட்டுகள், 5/8 அங்குலமும் 3/4 அங்குலமும் கலந்து 50. துத்தநாகம் பூசியவை
- 25 மி.மீ. அகல வாஷர் 50, ஸ்பிரிங் வாஷர் 50, நைலான் வாஷர் 50
- கூண்டு நட்டுகள் (தகட்டில் சிறு கூண்டுக்குள் நிற்கும் நட்டுகள்) 20. பழையவற்றில் பாதி உள்ளேயே சுழலும்
- 1/4 யூ.என்.எஃப் மரை வெட்டும் டேப் ஒன்று, 7/16 அங்குல ஸ்பேனர், நீண்ட எக்ஸ்டென்ஷனோடு சாக்கெட்
- 3, 4, 5 மி.மீ. தடிமனில் பிளாஸ்டிக் அல்லது அலுமினிய இடைவெளிக் குச்சிகள், ஒவ்வொன்றிலும் நான்கு
- 0.9 மி.மீ. இரும்புத் தகடு, 1.2 மி.மீ. அலுமினியத் தகடு, ஒவ்வொன்றிலும் அரை சதுர மீட்டர்
- ஷிம் (இடைவெளியை நிரப்ப அடியில் வைக்கும் மெல்லிய தகடு) வெட்ட 0.5, 1.0 மி.மீ. தகட்டுத் துண்டுகள்
- புது பீடிங் ஒரு ஜோடி, தேவையைவிட 10 செ.மீ. நீளமாக
- டூராலாக் போன்ற இணைப்புக் கலவை ஒரு ட்யூப், பாலியூரிதேன் சீலர் இரண்டு
- வளைவு அரம், டாலி (தட்டும்போது தகட்டின் பின்னால் பிடிக்கும் இரும்புக் கட்டி) மூன்று வடிவத்தில், மரச் சுத்தியல், ஸ்பிரிங் கிளாம்ப் குறைந்தது பத்து

மெட்ரிக் எம்6 போல்ட்டை மறந்தும் நுழைக்காதீர்கள். முதல் இரண்டு மரை ஏறுவதுபோல் ஏறி, பிறகு கூண்டு நட்டைக் கிழித்துவிடும்.

காரை நிறுத்தும் விதம்

பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். பெட்ரோல் டாங்க் டிக்கித் தரையில்தான் இருக்கிறது. அதையும் நிரப்புக் குழாயையும் முழுதாக வெளியே எடுத்துக் கட்டிடத்துக்கு வெளியே வைத்துவிட்டுத்தான் கிரைண்டரைத் தொட வேண்டும். டாங்க் காலியாக இருக்கிறதே என்பவர்களுக்கு ஒன்று: முழு டாங்க்கைவிட காலி டாங்க்கில் தேங்கும் ஆவிதான் ஆபத்து.

இது மேல்கூரை இல்லாத கார். கதவு இருக்கும் இடம்தான் பாடியின் பலவீனமான நடுப்பகுதி. ஃபிரேமின் இரு கோடிகளில் மட்டும் ஸ்டாண்ட் கொடுத்தால் நடுவில் தொய்யும், கதவு இடைவெளி மேலே ஒடுங்கிக் கீழே விரியும். நடுவில் மட்டும் தாங்கினால் நேர்மாறாக ஆகும். கார் சாலையில் எப்படி நிற்குமோ அப்படி, தன் ஸ்பிரிங்குகள் மேல் பாரத்தோடு நிற்பதே சிறந்தது. அது முடியாவிட்டால் ஸ்பிரிங் பிடிமானங்களுக்கு நேர் கீழே ஸ்டாண்ட் கொடுத்து, நான்கு இடத்திலும் மட்டம் பாருங்கள். 2912 சி.சி. ஆறு சிலிண்டர் இன்ஜின் நல்ல கனம். அதுவும் கியர்பாக்ஸும் இல்லாத வெறும் ஃபிரேமில் 4 மி.மீ. என்று சரிசெய்த இடைவெளி, அவை ஏறியபின் அப்படியே இருக்காது. இன்ஜின் இல்லையென்றால் அதன் பிடிமானங்களின் மேல் மணல் மூட்டைகளையாவது ஏற்றுங்கள்.

கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் ‘சில்’ என்ற பகுதியோ கதவுத் தூணின் அடியோ துருவேறியிருந்தால் விங்கை மறந்துவிட்டு முதலில் அதை முடியுங்கள். வெட்டும் முன் கதவு வாயின் குறுக்கே 25 மி.மீ. சதுரக் குழாயால் தாங்கு கொடுங்கள்: முன் தூணிலிருந்து பின் தூணுக்கு ஒன்று, இடது பின் தூணிலிருந்து வலது பின் தூணுக்கு ஒன்று. இந்தத் தாங்கு இல்லாமல் சில்லை வெட்டிய கார்களில் கதவு பிறகு எந்த விங்கோடும் ஒத்துப்போவதில்லை.

பழைய விங்கைக் கழற்றுதல்

கழற்றும் முன் அளவெடுங்கள். கதவின் பின் விளிம்பு இடைவெளியை மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில். சக்கர மையத்திலிருந்து வளைவின் உச்சிக்கு உயரம். டிக்கி மூடியின் இரு பக்க இடைவெளி. விங்கின் வால் முனையிலிருந்து எதிர்ப்பக்க விங்கின் வால் முனைக்கு அகலம். ஒவ்வொரு போல்ட் இருந்த இடத்தையும் எந்தப் போல்ட்டுக்கு அடியில் ஷிம் இருந்தது என்பதையும் படம் எடுத்து, ஷிம்மை அந்தப் போல்ட்டோடு பையில் போட்டுப் பெயர் எழுதுங்கள். ஜென்சனில் பொருத்தியவர் எந்த இடத்தில் என்ன குறையைச் சரிக்கட்டினார் என்பதை அந்த ஷிம்கள்தான் சொல்லும்.

போல்ட்டுகளுக்கு முந்தின நாளே ஊடுருவும் எண்ணெய் விடுங்கள். மேல் வரிசைக்கு டிக்கி உள்ளிருந்தும் சக்கர வளைவின் உள்ளிருந்தும் கை போகும். முன் விளிம்பு, சில் முனை, வால் பக்கம் என்று மற்றவை. நகராத போல்ட்டை வெப்பத்தால் இளக்க நினைத்தால் ஒன்றைக் கவனியுங்கள். மேல் வரிசையில் போல்ட் இறங்குவது அலுமினியத்தின் வழியாக. இரும்பு நன்றாகச் சிவக்கும் முன்பே அலுமினியம் உருகிவிடும், உருகுவதற்கு முன் நிறமும் மாறாது. அந்த வரிசையில் கேஸ் டார்ச்சே வேண்டாம். போல்ட் தலையை டிரில்லால் குடைந்து எடுங்கள்.

விங்கும் ஷ்ரவுட்டும் பழைய சீலரால் ஒட்டியிருக்கும். உளியை நுழைத்து நெம்பினால் ஷ்ரவுட் விளிம்பு வளையும். வயர் இழுத்து அறுப்பதோ மெல்லிய பிளாஸ்டிக் கத்தியோ போதும்.

கதவு

முன் தூணோடும் முன் விங்கோடும் கதவு சரியாக நிற்கிறதா என்று பாருங்கள். கீல்களில் ஆட்டம் இருந்தால் கதவைத் திறந்து பின் முனையைத் தூக்கிப் பாருங்கள். 1 மி.மீ.க்கு மேல் அசைந்தால் கீல் ஊசியை மாற்றாமல் மேலே போவதில் பொருள் இல்லை. கதவின் ரப்பர் விளிம்புகள், பூட்டு, பூட்டு மாட்டிக்கொள்ளும் ஸ்ட்ரைக்கர் எல்லாம் இருக்கும் நிலையில்தான் சோதிக்க வேண்டும். ரப்பர் இல்லாமல் உள்ளே அமர்ந்து நிற்கும் கதவு, ரப்பர் போட்டதும் வெளியே தள்ளிக்கொண்டு வரும். வேலை முடிந்த காரில் விங்கைவிடக் கதவு துருத்தி நிற்பதற்கு முதல் காரணம் இதுதான்.

கதவு திருகலாக இருந்தால், அதாவது மேலே உள்ளே போய்க் கீழே வெளியே நின்றால், அதைக் கீலில் ஷிம் வைத்து மறைக்கப் பார்க்காதீர்கள். கதவைக் கழற்றித் திருகலை எடுங்கள். கதவு நின்ற பிறகு கீல் ஸ்க்ரூக்களை முழுதாக இறுக்கி, ஒவ்வொரு கீலைச் சுற்றியும் ஊசியால் கோடு கிழித்துவிடுங்கள். இனி வேலை முடியும் வரை கதவு நகராது.

ஷ்ரவுட்

விங் சாய்ந்து நிற்கும் சுவர் ஷ்ரவுட். அது கோணினால் எல்லாம் கோணும். அதன் இடத்தை முடிவு செய்வது டிக்கி மூடி. மூடியை அதன் கீல்களில் மாட்டி, சுற்றிலும் 4 மி.மீ. குச்சிகளைச் செருகி, ஷ்ரவுட்டை அதற்கேற்ப நகர்த்துங்கள். காக்பிட்டின் பின் விளிம்பு தூண்களோடு சேரும் இடத்தையும் அப்போதே பாருங்கள்.

விங் சேரும் விளிம்பில் அலுமினியம் பொடிந்திருக்கும். பெயிண்டை எடுக்கக் காஸ்டிக் சோடா கலந்த எதையும் தொடாதீர்கள், அலுமினியத்தையே கரைத்துவிடும். மணல் வீச்சும் வேண்டாம், தகடு அப்பளமாக நெளியும். பெயிண்ட் நீக்கும் கெமிக்கலும் பிளாஸ்டிக் துகள் வீச்சும் பாதுகாப்பானவை.

போன விளிம்பை வெட்டி, 1.2 மி.மீ. அலுமினிய மெக்னீசியக் கலவைத் தகட்டில் 25 முதல் 30 மி.மீ. அகலத்துக்குப் பட்டை மடித்து, ஏசி டிக் வெல்டிங்கில் 5356 கம்பியால் சேருங்கள். வெல்டிங்குக்கு முன் இரு பக்கமும் ஸ்டெயின்லெஸ் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். அந்த பிரஷ் அலுமினியத்துக்கு மட்டும். இரும்பைத் தேய்த்த பிரஷ்ஷைப் பயன்படுத்தினால் இரும்புத் துகள்கள் பதிந்து, பெயிண்டின் அடியில் அதே அரிப்பு மறுபடி தொடங்கும்.

அறுபது ஆண்டுப் பழைய அலுமினியம் அடி வாங்கி வாங்கி இறுகியிருக்கும். அப்படியே தட்டினால் வெடிக்கும். காய்ந்த சோப்புக் கட்டியால் கோடு போட்டு, மெல்லிய சுடரை ஓட்டிக்கொண்டே வாருங்கள். சோப்பு பழுப்பாகிக் கறுக்கும்போது சுடரை எடுத்துவிட வேண்டும். ஆறியதும் தகடு இளகியிருக்கும். பிறகு மரச் சுத்தியலும் தோல் பையும் போதும். இங்கே ஈயம் பூச முடியாது. ஈயம் அலுமினியத்தில் பிடிக்காது.

விங்கை முதலில் உட்கார வைப்பது

இரண்டு பேர் வேண்டும். கதவின் பின் விளிம்பிலும் ஷ்ரவுட் விளிம்பிலும் இரட்டை மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். கதவு மூடியே இருக்கட்டும். பீடிங்கின் நாக்குப் பட்டை எவ்வளவு தடிமனோ அதே தடிமனில் தகட்டுத் துண்டுகளை ஷ்ரவுட் விளிம்பில் கிளாம்ப் செய்யுங்கள். பீடிங் இல்லாமல் சோதித்துவிட்டுக் கடைசியில் அதைச் செருகினால் விங் வெளியே தள்ளப்படும், கதவோடு இருந்த சமம் போய்விடும்.

போல்ட் வரிசை இப்படி:

1. மேல் விளிம்பின் நடுவில் இரண்டு போல்ட், கையால் மட்டும். விங் தொங்குவதற்கு இது போதும்.
2. முன் விளிம்பைக் கதவின் பக்கம் கொண்டுவந்து, மேலும் கீழும் 4 மி.மீ. குச்சி செருகி, கதவோடு சேர்த்து டேப் போட்டு இழுத்துப் பிடியுங்கள்.
3. பக்கவாட்டு மடிப்புக் கோட்டைப் பாருங்கள். கதவில் ஓடி வரும் கோடு விங்கில் முறியாமல் தொடர வேண்டும். இரட்டை வண்ணக் காரில் நிறப்பிரிவு இந்தக் கோட்டை ஒட்டியே போவதால் 1 மி.மீ. தவறும் பத்தடி தூரத்தில் தெரியும். இடைவெளியையும் கோட்டையும் ஒன்றாகச் சரிசெய்ய முடியாவிட்டால் கோட்டுக்கே முதலிடம். இடைவெளியைப் பிறகு உலோகம் சேர்த்து மாற்றலாம், கோட்டை மாற்ற முடியாது.
4. முன் விளிம்பின் போல்ட்டுகள், கையிறுக்கம்.
5. சில் பக்கம், பிறகு வால் பக்கம்.
6. மேல் வரிசையில் மீதியை நடுவிலிருந்து இரு பக்கமும் மாறி மாறி.

துளை ஒத்துவராத இடத்தில் விங்கின் துளையை நீள்வட்டமாக அரத்தால் பெருக்குங்கள், ஷ்ரவுட்டின் துளையை விட்டுவிடுங்கள். 8 மி.மீ. அகலம், 12 மி.மீ. நீளம் வரை போகலாம், அகல வாஷர் மூடிக்கொள்ளும். அதற்கு மேல் தேவைப்பட்டால் விங் தவறான இடத்தில் நிற்கிறது என்று பொருள். திரும்ப இரண்டாம் படிக்கு வாருங்கள்.

கதவின் பின் விளிம்போடு ஒப்பிடும்போது விங்கின் முன் விளிம்பு சமமாகவோ அரை மில்லிமீட்டர் உள்ளே அடங்கியோ இருக்க வேண்டும். வெளியே நின்றால் காற்றைப் பிடிக்கும், கண்ணையும் உறுத்தும்.

வரும் குறைகள் பெரும்பாலும் சில வகைதான். கதவோடு இடைவெளி மேலே அகன்று கீழே குறுகினால் விங் பின்னால் சாய்ந்திருக்கிறது. வால் பக்கத்தை உயர்த்தினால் மேல் முனை முன்னே வரும். மேலே குறுகிக் கீழே அகன்றால் வாலைத் தாழ்த்தும் முன் ஸ்டாண்டுகளைப் பாருங்கள், ஃபிரேம் தொய்ந்திருக்கலாம். முன் விளிம்பின் நடுப்பகுதி மட்டும் துருத்தினால் அந்தப் பகுதியின் உள் மடிப்பு தூணில் முட்டுகிறது. மடிப்பை 1 அல்லது 2 மி.மீ. இழைத்துவிட்டால் தணியும். மேலும் கீழும் சமமாக இருந்து, சக்கர வளைவு மட்டும் வெளியே விரிந்து நின்றால் வாலை இறுக்கும்போது விங் வில்லாக வளைகிறது. வால் போல்ட்டைத் தளர்த்தி, இடைவெளி இருக்கும் இடத்தில் ஷிம் வையுங்கள். போல்ட்டை முறுக்கி இழுத்து மூடிய இடைவெளி ஓரிரு ஆண்டில் பெயிண்டில் விரிசலாக வெளிவரும்.

இந்தக் கட்டத்தில் சக்கரத்தை மாட்டி இரு பக்கமும் டயருக்கும் வளைவுக்கும் உள்ள தூரத்தை அளந்துவிடுங்கள். ஒரு பக்கம் நெருங்கியும் மறுபக்கம் விலகியும் இருந்தால் விங்கைக் குறை சொல்லும் முன் பின் அச்சைப் பாருங்கள். பெரும்பாலான 3000-களில் அச்சைப் பக்கவாட்டில் பிடித்திருப்பது பன்ஹார்ட் கம்பி. அதன் புஷ் தேய்ந்தால் அச்சு ஒரு பக்கம் நகர்ந்து நிற்கும். பிஜே8-இன் பிற்காலக் கார்களில் அந்தக் கம்பிக்குப் பதில் ரேடியஸ் ஆர்ம் வந்தது.

இடைவெளியை உலோகத்தில் முடிப்பது

பட்டி தடவி விளிம்பை உருவாக்குவது இந்தக் காருக்குச் செய்யும் துரோகம் என்றே சொல்ல வேண்டும். கதவு ஒருமுறை அடித்து மூடினால் விளிம்புப் பட்டி உதிரும். இடைவெளி 6 மி.மீ. என்று அகன்றிருந்தால், 1.6 மி.மீ. இரும்புக் கம்பியை விளிம்பில் வைத்து, 25 மி.மீ.க்கு ஒரு புள்ளி வீதம் டிக்கில் ஒட்டி, ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் இடையே தகடு ஆற விட்டு, வேறு வேறு இடமாக நிரப்பிக்கொண்டு வாருங்கள். பிறகு வளைவு அரத்தால் குச்சிக்கு ஏற்ப இழையுங்கள். இடைவெளி குறுகியிருந்தால் மடித்த விளிம்பை அரைக்கலாம், ஆனால் மடிப்பின் முதுகு திறந்துவிடும். திறந்த இடத்தை உடனே வெல்டிங்கால் மூடாவிட்டால் விளிம்பு இரண்டு தனித் தகடுகளாகப் பிரியும்.

பெயிண்டுக்கும் இடம் விடுங்கள். பிரைமர், கலர், கிளியர் எல்லாம் சேர்ந்து ஒவ்வொரு விளிம்பிலும் கால் மில்லிமீட்டர் வரை ஏறும், இரண்டு விளிம்புக்கும் அரை மில்லிமீட்டர். முடிந்த காரில் 4 மி.மீ. வேண்டுமென்றால் வெறும் உலோகத்தில் 4.5 மி.மீ. இருக்கட்டும். ஜென்சனிலிருந்து வந்த கார்களே இவ்வளவு சீராக இருந்ததில்லை, மேலும் கீழும் 1 மி.மீ. வேறுபாட்டுக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

இரும்பு விங்கில் ஒட்டுப் போட்ட இடத்தை ஈயத்தால் சமப்படுத்தலாம். 70 பங்கு ஈயமும் 30 பங்கு வெள்ளீயமும் கலந்த குச்சி 183 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கிச் சுமார் 255 டிகிரி வரை களிமண் பதத்தில் நிற்கும், அந்த இடைவெளியில்தான் மரத் துடுப்பால் வடிவம் கொடுக்க முடியும். ஈயத்தை அரத்தால் மட்டும் இழையுங்கள். சாண்டர் போட்டால் ஈயத் தூசி பட்டறை முழுக்கப் பரவி நுரையீரலுக்குள் போகும். ஃபிளக்ஸின் அமிலத்தை வெந்நீரும் சோடா உப்பும் கொண்டு கழுவாவிட்டால் அதே இடத்தில் பெயிண்ட் கொப்பளிக்கும்.

மறுபடி கழற்றி, பிரித்து வைத்துப் பெயிண்ட்

எல்லாம் ஒத்துவந்ததும் ஒவ்வொரு போல்ட்டின் இடத்தையும் குறித்து, விங்கை மறுபடி கழற்றுங்கள். விங்கை மாட்டியபடியே பெயிண்ட் அடித்தால் சேர்க்கையின் உள்முகம் வெறும் உலோகமாக நிற்கும். விங், ஷ்ரவுட் இரண்டையும் தனித்தனியாக, மடிப்பின் உள்பக்கம் உட்பட முழுதாக மூட வேண்டும். அலுமினியத்துக்கும் இரும்புக்கும் எபாக்ஸி பிரைமர் பொருந்தும். உலோகத்தை அமிலத்தால் கடித்துப் பிடிக்கும் எட்ச் பிரைமர் முதலில் போடுவதானால் அதன் மேல் எது ஏறலாம் என்பதை அதே கம்பெனியின் தாளைப் பார்த்து முடிவு செய்யுங்கள், அமிலம் உலராத எட்ச் பிரைமர் மேல் எபாக்ஸி உரிந்து வரும்.

தனியாக அடிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. ஹீலி ப்ளூ போன்ற மெட்டாலிக் நிறங்களில் துகள்கள் படியும் திசை மாறினால், ஒரே டின் பெயிண்டிலேயே விங் ஒரு நிறமும் ஷ்ரவுட் இன்னொரு நிறமுமாகத் தெரியும். விங்குகளைக் காரில் நிற்கும் அதே கோணத்தில் ஸ்டாண்டில் தொங்கவிட்டு, அதே நேரத்தில், அதே கன்னில் அடியுங்கள்.

கடைசிப் பொருத்தலும் பீடிங்கும்

பெயிண்ட் குறைந்தது ஒரு வாரம் இறுகட்டும். விளிம்புகளுக்கு இரட்டை டேப். இரும்பும் அலுமினியமும் சேரும் முகங்களில் இணைப்புக் கலவையை மெல்லிய பூச்சாக இரு பக்கமும் தடவுங்கள். குரோமேட் கலந்த வகையானால் கையுறை கட்டாயம். சிலிக்கோன் சீலர் கூடாது. புளிப்பு வாடை வரும் வகை உலோகத்தை அரிக்கும். எந்த வகையானாலும் அருகில் பிறகு பெயிண்ட் ஒட்டாது.

பீடிங்கை முதலில் வெறுமனே ஓட்டிப் பாருங்கள். அதன் நாக்கில் போல்ட் வரும் இடங்களில் யூ வடிவ வாய் வெட்டுங்கள். வளைவு கூர்மையாகும் இடத்தில் நாக்கில் மட்டும் வி வடிவ வெட்டுகள், 10 மி.மீ.க்கு ஒன்று. வெட்டு உருண்ட தலைப்பகுதிவரை போனால் அங்கே முறியும். இரு முனையிலும் 15 மி.மீ. அதிகம் விட்டு, எல்லாம் இறுகிய பிறகே நறுக்குங்கள்.

எல்லாப் போல்ட்டுகளையும் பாதி மட்டும் ஏற்றிய நிலையில் விங்குக்கும் ஷ்ரவுட்டுக்கும் நடுவே 3 மி.மீ. வாய் இருக்கும். பீடிங்கை அதற்குள் இறக்கி, ஒருவர் மேலிருந்து உள்ளங்கையால் அழுத்த, மற்றவர் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக இறுக்கிக்கொண்டு போக வேண்டும். ஒரே சுற்றில் முடிக்காதீர்கள். மூன்று சுற்றுகளில் 8 நியூட்டன் மீட்டர் அளவுக்குக் கொண்டுவந்தால் போதும், கூண்டு நட்டு இருக்கும் மெல்லிய தகடு அதற்கு மேல் தாங்காது. அலுமினியத்தைத் தொடும் போல்ட் தலைக்கு அடியில் நைலான் வாஷர், அதன் மேல் இரும்பு வாஷர். ஸ்டெயின்லெஸ் போல்ட் பளபளப்பாக இருக்கிறது என்று ஆசைப்படுபவர்கள், மரையிலும் தலைக்கடியிலும் கலவை தடவாமல் போடக் கூடாது. உப்புத் தண்ணீர் பட்டால் அலுமினியத்தைத் துத்தநாகம் பூசிய போல்ட்டைவிட அதுதான் வேகமாகத் தின்னும்.

சக்கரம் வாரி இறைக்கும் சேறு விங்கின் முன் கீழ் மூலையிலும் பின் கீழ் மூலையிலும் தங்கும். மேல் வரிசைச் சேர்க்கையைச் சக்கர வளைவின் உள்ளிருந்து சீலரால் மூடுங்கள். கீழ் மூலைகளை மூடாதீர்கள், 5 மி.மீ. வடிகால் வாய் இருக்கட்டும். பிறகு உள்புறம் முழுக்கத் துருத் தடுப்பு மெழுகான கேவிட்டி வாக்ஸ்.

விளக்குகளை மாட்டும்போது பலரைக் குழப்பும் ஒன்று வரும். பழைய காரில் விளக்கின் எர்த் விங்கின் உலோகம் வழியாகவே போயிருக்கும். இப்போது பெயிண்ட், கலவை, நைலான் வாஷர் எல்லாம் சேர்ந்து விங்கைப் பாடியிலிருந்து மின்சாரத்துக்குப் பிரித்துவிட்டன. விளக்கு மங்கலாக எரியும், பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் கண்சிமிட்டும். ஒவ்வொரு விளக்கிலிருந்தும் கறுப்பு எர்த் வயர் ஒன்றைத் தனியாக இழுத்து, டிக்கி உள்ளே ஃபிரேமில் சுரண்டிய இடத்தில் போல்ட் செய்யுங்கள். பிரேக்கும் இண்டிகேட்டரும் ஒரே இழையைப் பகிரும் கார்களில் இரண்டையும் மாற்றிவிடுவது லூகாஸ் டிபி10 ரிலே. எர்த் போட்ட பிறகும் குழப்பம் தீரவில்லையென்றால் அதன் காண்டாக்ட்களைச் சுத்தம் செய்யுங்கள்.

முதல் 300 கி.மீ. ஓடியதும் மேல் வரிசைப் போல்ட்டுகளை ஒருமுறை தொட்டுப் பாருங்கள். பீடிங்கும் சீலரும் அமுங்கியதால் கால் சுற்று தளர்ந்திருக்கும். அதே 8 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கிவிட்டு, பீடிங் முனைகளை அப்போது நறுக்கிக்கொள்ளலாம்.